எனக்கு முன்னால் அவளை எடுத்துக்கொள் என்று கேட்டேன்

இதைப் படிக்கும் அம்மாக்களில் யாராவது ஒருவர் நான் கேட்ட வரத்தைக் கேட்டிருப்பீர்கள். வெளியில் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். முருகன் கொடுத்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் கேட்டதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

என் பெயர் கோமதி. வயது எழுபதை நெருங்குகிறது. திருநெல்வேலியில் பிறந்து, கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தவள். அவர் பேங்கில் ஆபீசர். காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. பாலிகஞ்சில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடியில் எங்கள் ஃபிளாட். எங்களுக்கு ஒரே பெண், மீனு. நாற்பது வயது தாண்டிவிட்டது. மனசு மட்டும் ஐந்து வயதில் நின்றுவிட்டது. டவுன் சிண்ட்ரோம் என்று அவள் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு கொஞ்சம்தான் வரும், அந்தக் கொஞ்சமும் வங்காளம். மாடிப்படியில் விளையாடிய குழந்தைகளிடம் கற்றது. நான் தமிழில் பேசினால் புரிந்துகொள்வாள். வேறு யார் தமிழில் பேசினாலும் என் முகத்தைப் பார்ப்பாள்.

போன வருஷம் பங்குனி வெயிலில் ஒரு நாள் சமையலறையில் மயங்கி விழுந்தேன். எப்போது விழுந்தேன், எவ்வளவு நேரம் கிடந்தேன், எதுவும் தெரியாது. கண் விழித்தபோது என் தலைக்கு அடியில் தலையணை இருந்தது. கழுத்துவரை போர்வை. பக்கத்தில் மீனு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றாள். தூங்கு என்கிறாள்! அடுப்பில் குக்கர் கருகிப் போயிருந்தது. நல்லவேளை, அடுப்பை அணைக்க மட்டும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வேலைக்காரி மாலதி வந்தவள் என்னிடம் சண்டைக்கு நின்றாள். "நேத்து மத்தியானம் எவ்வளவு நேரம் பெல் அடிச்சேன் தெரியுமா? மீனு உள்ளேயிருந்தே 'மா தூங்கறா, போ போ'ன்னு விரட்டிட்டா."

நான் செத்திருந்தால்? அவள் அப்படியேதான் உட்கார்ந்திருப்பாள். பெல் அடிப்பவர்களையெல்லாம் "உஷ்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டு, பசித்தாலும் என்னை எழுப்பாமல் உட்கார்ந்திருப்பாள். யாராவது கதவை உடைத்து வரும்வரை. அந்தக் காட்சி என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. சாப்பிடும்போது வரும். ஜபம் செய்யும்போது வரும்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார். மாடி ஏறக்கூடாது, கல்கத்தாவின் புகையும் கூடாது, எங்காவது அமைதியான இடத்துக்குப் போய்விடுங்கள் என்றார். சொல்வதற்கு என்ன? மீனுவோடு எங்கே போவது?

சென்னையில் இருக்கும் என் தம்பி ரமணிக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நீ கிளம்பி வந்துடு. சொந்த மண்ணுக்கு வந்தா எல்லாம் சரியாயிடும். மீனுவுக்கு ஒரு ஹோம் பாத்துடலாம்" என்றான்.

"அவளைத் தனியா விட்டுட்டு நான் வந்து என்னடா பண்ணப் போறேன்? உன் ஆத்துக் கொலுவுல பொம்மையா உக்காரவா?" என்றேன். என் வாய் அப்படி. பாவம், அவனும் கெட்டவன் இல்லை. அவன் வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. என் கணவர் பக்கத்து உறவு, என் பக்கத்து உறவு என்று ஒருவர் விடாமல் கேட்டேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் நம் கோயிலுக்கு மீனுவை அழைத்துக்கொண்டு போனேன். அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. மீனு கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் பேரனுக்கு சீட், பெண்ணுக்கு வரன் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "முருகா, எனக்கு முன்னால் இவளை எடுத்துக்கொள். நான் இருக்கும்போதே, என் மடியிலேயே. ஒரு நாள் முன்னால் எடுத்தால்கூடப் போதும்."

கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால் மீனு என் நெற்றியில் விபூதி பூசினாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் தினமும் அதையேதான் கேட்டேன். காலையில் விளக்கேற்றிவிட்டுக் கேட்பேன். பதில் வராது. கோபம் வரும். "ஆறு முகம் வெச்சிண்டிருக்கியே, ஒண்ணாவது இந்தப் பக்கம் திரும்பாதா?" என்று படத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.

ஆவணி மாதம் ரமணியே தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பைக் கண்டுபிடித்தான். சுற்றிலும் வயல், சத்தமே இல்லாத இடம், கோயில் உள்ளேயே இருக்கிறது என்றான். முதலில் இரண்டு வாரம் தங்கிப் பார்க்கலாம் என்றார்கள். கல்கத்தா ஃபிளாட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டு, மீனுவை அழைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். நம் ஊர், நம் பாஷை, நம் சாப்பாடு என்று மனசு முழுக்க நம்பிக்கை. அது எனக்குத்தான் ஊர், மீனுவுக்கு இல்லை என்பது ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அங்கே எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். "வாம்மா மீனாட்சி, சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். அவள் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவள் ஏதாவது கேட்டால் அவர்களுக்குப் புரியாது, சிரிப்பார்கள். முதல் இரண்டு நாள் மோர் சாதம் சாப்பிட்டாள். பிறகு அதுவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து "பாரி ஜாபோ, பாரி ஜாபோ" என்பாள். வீட்டுக்குப் போகணும் என்று அர்த்தம். ஊட்டினால் துப்பினாள். என்னை ஒரு நாளும் அடிக்காதவள், அங்கே அடித்தாள்.

கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, நீங்க எப்ப வேணா வந்து இருக்கலாம். ஆனா உங்களுக்கு அப்புறம் அவங்கள இங்க வெச்சுக்க முடியாது. எங்க விதி அப்படி" என்றார். எனக்கு அப்புறம். அதற்காகத்தானே அத்தனை தூரம் போனேன்!

துர்கா பூஜைக்கு முன்னால் கல்கத்தா திரும்பினோம். ஹவுராவில் இறங்கி டாக்ஸியில் ஏறியதும் மீனு டிரைவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. வாங்குகிறவர்கள் வங்காளிகள். நாம் மார்கழியில் வீடு மாற மாட்டோம், அவர்கள் அதே மாதத்தைப் பௌஷ மாதம் என்று ஒதுக்குகிறவர்கள். ஆக, கார்த்திகைக்குள் நான் காலி செய்ய வேண்டும், அவர்கள் உள்ளே வரவேண்டும். போக இடம் மட்டும் இல்லை.

வீட்டை ஒழிக்க ஆரம்பித்தேன். எங்கே போனாலும் இத்தனை சாமானோடு போக முடியாதே. பழைய சாமான் வாங்குகிறவன் வந்து ஒவ்வொன்றாக இறக்கினான். அவன் இறக்க இறக்க, மீனு பின்னாலேயே போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அப்பாவின் சாய்வு நாற்காலியை அவளால் தூக்க முடியவில்லை. படியில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவனும் நல்ல மனுஷன், "இருக்கட்டும் மா, அப்புறமா வரேன்" என்று போய்விட்டான். அப்போதெல்லாம் என் வேண்டுதல் இன்னும் மோசமாகியிருந்தது. எடுத்துக்கொள் என்பது போய், சீக்கிரம் எடுத்துக்கொள் என்று கேட்டேன். எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

காளி பூஜை வந்து போனது. தீபாவளிக்கு ஒரு பட்சணம்கூடச் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் பெல் அடித்தது. மீனு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தபன் நின்றிருந்தான், கையில் ஸ்வீட் பெட்டியும் ஒரு புடவையுமாக.

தபன் யாரென்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் இரண்டாவது மாடியில் இருந்த பையன். மீனுவைவிட இரண்டு மூன்று வயது பெரியவன். கூடப் பிறந்த பெண்கள் கிடையாது. அன்றைக்கு வங்காளிகளுக்கு பாய் ஃபோட்டா பண்டிகை. சகோதரி சகோதரனை உட்கார வைத்து நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பாள். நாம் கனுப்பிடி வைத்துக் கூடப் பிறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வோமே, அந்த மாதிரி. தபனுக்கு மீனுதான் பொட்டு வைப்பாள், குழந்தையாக இருந்ததிலிருந்தே. அவன் பெற்றோர் காலமாகி, அவன் போல்பூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராகப் போய், கல்யாணம் செய்துகொண்ட பிறகும் வருஷம் தவறாமல் வந்துவிடுவான். நானும் காபி போட்டு வைப்பேன். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் விளையாட்டு, பழகிவிட்டது, அதனால் வருகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குமேல் அதைப்பற்றி யோசித்ததே இல்லை.

உள்ளே வந்தவன் பாதி காலியாகிவிட்ட கூடத்தைப் பார்த்துத் திகைத்து நின்றான். "மாஷிமா, என்ன இது?" என்றான். அத்தை, சித்தி என்று கூப்பிடுகிற மாதிரி என்னை மாஷிமா என்றுதான் கூப்பிடுவான். "வீட்டைக் காலி பண்றோம்பா. முதல்ல காபி சாப்பிடு" என்றேன்.

"பொட்டு வெச்ச அப்புறம்தான். அதுவரைக்கும் தண்ணிகூடக் குடிக்க மாட்டேனே, உங்களுக்குத் தெரியாதா?" என்றான். அவன் வங்காளத்தில் பேசியதைத்தான் தமிழில் எழுதுகிறேன்.

தெரியாது. இத்தனை வருஷமாக விடியற்காலை ரயிலைப் பிடித்து, வெறும் வயிற்றோடு வந்திருக்கிறான். காபி வேண்டாம், அப்புறம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருக்கிறான். நான் ஏனென்று கேட்டதில்லை.

மீனு பாயை விரித்தாள். சந்தனம் இழைக்கச் சொல்லி என்னைப் பிடித்துத் தள்ளினாள். இடது கைச் சுண்டுவிரலால் அவன் நெற்றியில் பொட்டு வைத்து, அதற்கு உண்டான வாக்கியத்தைச் சொன்னாள். என் அண்ணன் நெற்றியில் நான் பொட்டு வைக்கிறேன், எமன் வாசலில் முள் விழட்டும், அவன் என் அண்ணனிடம் வராதிருக்கட்டும் என்பது அதன் பொருள். நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாதவள் அதை மட்டும் தடுமாறாமல் சொல்வாள். வருஷா வருஷம் காதில் விழுந்ததுதான். அன்றைக்குத்தான் கேட்டேன்.

என் பெண் எமனுக்கு வழியை அடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளைக் காட்டி எமனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அடக்க முடியவில்லை. ஓவென்று அழுதேன். மயங்கி விழுந்தது, தஞ்சாவூர் போனது, நான் கேட்ட வரம், எல்லாவற்றையும் அவன் முன்னால் கொட்டிவிட்டேன். தபன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், "யார்கிட்டயும் உதவி கேக்கலையா மாஷிமா?"

"கேக்காத ஆள் இல்லை. எல்லார்கிட்டயும் கேட்டேன்."

"என்கிட்ட கேக்கலையே."

அவன் முகம் சிவந்துவிட்டது. கோபம். "அண்ணன்னு சொல்லித்தானே பொட்டு வெக்கறா? வெச்சுக்கறவனுக்கு என்ன வேலைன்னு நெனச்சீங்க? ஸ்வீட் பெட்டி தூக்கிட்டு வர்றது மட்டும்தானா?" என்றான். என் வாயை அடைத்தவர்கள் இந்த உலகத்தில் அதிகம் பேர் இல்லை. அவன் அடைத்துவிட்டான்.

அவன் வீட்டுக்கு அடுத்த வீடு அவன் பெரியப்பாவுடையது. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், மாடி கிடையாது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது, இரண்டு பேரும் அங்கே வந்து இருங்கள் என்றான். எனக்குச் சந்தோஷம் வந்த வேகத்தில் பயமும் வந்தது. ஆண்பிள்ளை உணர்ச்சியில் சொல்லிவிடுவான். நாளைக்குப் பார்க்க வேண்டியவள் அவன் பெண்டாட்டி அல்லவா? அதையும் வெளிப்படையாகவே கேட்டேன். அடுத்த வாரமே அவன் மனைவி சுமிதா தனியாகக் கிளம்பி வந்தாள். ஒல்லியாக, சிரிக்காத முகம். மீனுவோடு ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மாஷிமா, நான் ஒண்ணும் தெய்வம் இல்லை. எனக்குக் கோபம் வரும். அவளைத் திட்டுவேன், வேலை வாங்குவேன். சாப்பாடு மட்டும் எனக்கு இருக்கிறவரைக்கும் அவளுக்கும் உண்டு. உங்களுக்கு அப்புறமும்தான். இது சரின்னா வாங்க" என்றாள்.

உங்களுக்கு அப்புறமும்தான் என்றாள். நான் கேட்காமலே சொன்னாள். அந்த வார்த்தைக்காகத்தான் ஊர் ஊராக அலைந்தேன். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று விளக்கேற்றியபோது முருகனிடம் அந்த வரத்தைக் கேட்கவில்லை. இதுவரை கேட்கவில்லை.

கார்த்திகையில் குடிபோனோம். எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் பொய். அமைதி, அமைதி என்கிறார்கள், எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. கல்கத்தாவில் கரியாஹாட் கடைத்தெரு இரைச்சலில் வாழ்நாளைக் கழித்தவளுக்குக் காக்கா கத்துவது மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்? கறிவேப்பிலை கிடைக்காது. தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. பெரிய ஆஸ்பத்திரி தூரம். என் இதயமும் தேறவில்லை. போன மாதம் டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. மீனுவும் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு "பாரி ஜாபோ" என்று உட்கார்ந்தாள். ஆனால் இங்கே தெருவில் போகிறவர்கள் நின்று பதில் சொன்னார்கள். எந்த வீடு, எங்கே இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். கேட்க ஆள் கிடைத்ததும் அழுகை குறைந்தது.

சுமிதா பனிக்காலத்தில் போரி போட்டுக் கடைக்குக் கொடுப்பவள். நம் வடகம் மாதிரிதான், உளுந்தை அரைத்துக் கிள்ளி வைத்து வெயிலில் காய வைப்பது. மீனுவை உட்கார்த்தி வைத்துக் கிள்ளச் சொன்னாள். முதலில் கோணலும் மாணலுமாக வைத்தாள். சுமிதா சொன்னபடியே திட்டினாள். எனக்குச் சுருக்கென்றது, போய்க் கேட்கலாமா என்று எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன். இப்போது மீனு காலையில் குளித்ததும் அங்கே ஓடிவிடுகிறாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வெளியில் சொல்ல வெட்கப்படும் வேண்டுதல் உங்களிடமும் இருக்கலாம். அதை முருகனிடம் சொல்லுங்கள். திட்டவேண்டுமென்றால் திட்டுங்கள், அவன் கோபித்துக்கொள்வதில்லை, நான் திட்டாத திட்டா? நாம் வாய்விட்டுக் கேட்பது ஒன்று, உள்ளே தவிப்பது ஒன்று. நான் மகளின் சாவைக் கேட்டேன். அவன் என் தவிப்பைக் கேட்டான். அவனை நம்புங்கள். அதோடு, உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு யார் வருஷா வருஷம் வருகிறார்கள் என்றும் கொஞ்சம் பாருங்கள்.

போன வாரம் மத்தியானம் சாதம் பிசைந்து வைத்துவிட்டு மீனு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. மெதுவாக நடந்து போய் வேலி ஓரமாக நின்று பார்த்தேன். சுமிதா வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மீனு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் ஊட்டவில்லை. தானே பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினாள். என்னைப் பார்த்தாள். கையை ஆட்டிவிட்டு மறுபடியும் சாப்பாட்டில் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து, பிசைந்த சாதத்தை நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளுக்கு நான் வேண்டாமா என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே கைகூப்பினேன். நான் இல்லாமல் அவள் சாப்பிடுகிறாள், முருகா. இது போதும்.